முப்பது வருஷம் தாங்கும் கம்பி

"அண்ணே, இது உறிஞ்சலை. ஊதுது!"

கைபேசியில் ஷலேஷ்னி கத்தினாள்.

"ஹோஸைப் பின்னாடி ஓட்டையில சொருகியிருக்க. முன்னாடி மாத்து. சீக்கிரம்!"

இனோகே குப்புறப் படுத்திருந்தான். கன்னம் தரையில். கண்ணுக்கு நேரே, சுவரடியிலிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு பிளாஸ்டிக் குழாயின் வாய். அந்த வாய்க்குள் ஒரு பஞ்சு உருண்டை. உருண்டையின் வாலில் மீன்பிடி நரம்பு. விழாவுக்கென்று மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்த பூப்போட்ட சட்டையும், வேட்டிபோல் சுற்றிய சாம்பல் நிறச் சூலுவும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தன. தவேத்தா டிவியின் தலைமைப் பொறியாளர் என்று அந்தச் சட்டைப் பையில் ஒரு அட்டை வேறு தொங்கியது.

இது புது ஸ்டுடியோ. குழாயின் மறுமுனை முற்றத்துக்கு அப்பால், கட்டுப்பாட்டு அறையில். அங்கே ஒலிப் பொறியாளர் ஷலேஷ்னி, துப்புரவுக்காரர்களின் அறையிலிருந்து தூக்கி வந்த வேக்யூம் கிளீனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டுக்கும் நடுவில் முற்றம். முற்றத்தில் பந்தல். பந்தலில் அமைச்சர்.

சடங்கு முடிந்ததும் அமைச்சர் எழுந்து வந்து ஸ்டுடியோ வாசலில் கத்தரிக்கோல் பிடிப்பார். அந்தக் காட்சிதான் புது ஸ்டுடியோவிலிருந்து நாடு பார்க்கப்போகும் முதல் படம். ஒரு மாதமாக விளம்பரம். தலைநகர் சுவாவில் பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவர்களுக்கும்கூடத் தெரியும்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுதான். ஸ்டுடியோவிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு இந்த நிமிஷம் ஒரு பொட்டுப் படம்கூடப் போகவில்லை.

"மாத்திட்டேன் அண்ணே. போடட்டுமா?"

"போடாத! பாட்டு ஆரம்பிக்கட்டும்."

வெளியே சடங்குப் பானமான யங்கோனாவைக் கரைக்கிறார்கள். தனோவா என்கிற அந்தப் பெரிய மரத்தொட்டிக்கு முன்னால் யாரும் இருமக்கூட மாட்டார்கள். அந்த அமைதியில் ஒரு வேக்யூம் கிளீனர் ஊளையிட்டால், அமைச்சர் மன்னித்தாலும் அவர் ஊர்ப் பெரியவர்கள் மன்னிக்கமாட்டார்கள். இடையிடையே வரும் பாட்டுதான் மறைப்பு.

பாட்டு எழுந்தது. கட்டைக் குரல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.

"இப்ப!"

எங்கோ தொலைவில் ஒரு முனகல். பஞ்சு உருண்டை ஒரு துள்ளு துள்ளிக் குழாய்க்குள் மறைந்தது. பக்கத்தில் குந்தியிருந்த ரூபெனியின் கையில் நரம்புச் சுருள் சுழன்றது.

"ஓடுது மச்சான்! பெரிய மீனு!"

"வாயை மூடுடா."

பாட்டு நின்றது. முனகல் நின்றது. நரம்பும் நின்றது.

முழுசாக நின்றது.

இந்தக் கூத்துக்கு விதை போட்டவர் ட்ரெவர் பென்ஃபோல்ட்.

மெல்போர்னிலிருந்து வந்தார். தொழில் ஆலோசனை. ஆலோசனையின் பெயர் 'எதிர்காலத்தையும் தாங்கும் ஸ்டுடியோ'. முதல் கூட்டத்தில் திரையைப் போட்டு, முப்பது வருஷம் கழித்து மனிதர்கள் எப்படி டிவி பார்ப்பார்கள் என்று காட்டினார். திரையில் ஒரு குடும்பம் சுவர் முழுக்கத் தெரியும் படத்தைப் பார்த்துச் சிரித்தது. முப்பது வருஷம் கழித்தும் அவர்கள் வீட்டில் அதே மாதிரி சோபாதான்.

"இப்ப இருக்கிற படத்துக்கு ஒரு கோஆக்சியல் கம்பி போதும்" என்றார் பென்ஃபோல்ட். "அடுத்த தலைமுறைப் படத்துக்கு நாலு வேணும். அதுக்கடுத்த தலைமுறைக்கு எட்டு. நான் பதினாறு போடறேன். ஒவ்வொரு கேமராவுக்கும்."

"அதுக்கடுத்த தலைமுறையில எல்லாம் கண்ணாடி இழையாப் போயிடுமே சார். செம்புக் கம்பிய யாரு சீண்டுவா?" என்று கேட்டாள் ஷலேஷ்னி.

"நல்ல கேள்வி" என்றார் பென்ஃபோல்ட். அடுத்த படத்துக்குப் போனார்.

ஒலிக் கம்பிக்குத் தனிப் பள்ளம் வேண்டும், மின்சாரக் கம்பிக்குப் பக்கத்தில் போனால் உறுமும் என்று சொன்னார். அது ஒன்றுதான் அன்றைக்கு அவர் பேசியதில் உருப்படி. ஷலேஷ்னிகூடத் தலையாட்டினாள்.

பிறகு முற்றத்தின் வரைபடம் வந்தது. ஸ்டுடியோவிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு முற்றத்தின் குறுக்கே, ஸ்கேல் வைத்த மாதிரி, இரண்டு கோடுகள். ஒன்று படம், ஒன்று ஒலி. சுற்றிப் போனால் தூரம் கூடும், தூரம் கூடினால் அடுத்த தலைமுறைப் படம் வழியிலேயே செத்துவிடும் என்றார். கணக்குச் சரிதான். பள்ளம் ஆழமாக வேண்டாம், நாளைக்குத் தோண்டி எடுக்க வசதியாக மேலாகவே இருக்கட்டும் என்றார். எதிர்காலத்துக்குக் குனியச் சிரமமாக இருக்குமோ என்னவோ.

மேஜையைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் அந்த இடத்தில் ஒரே நினைப்பு. முற்றத்தின் நடுவில் பந்தல் அல்லவா வரும்?

பந்தல் இல்லாமல் இந்த ஊரில் என்ன நடந்திருக்கிறது? ஜெபத்துக்குப் பந்தல், பிரிவு உபசாரத்துக்குப் பந்தல், ரக்பி கோப்பையோடு பையன்கள் திரும்பினால் பந்தல், யாராவது செத்தால் பந்தல். பந்தல் என்றால் கால். கால் என்றால் குழி.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கடல் தாண்டி வந்த விருந்தாளி பேசுகிறார். குறுக்கே பேசுவதா? என்ன பிறப்பு என்று கேட்கமாட்டார்களா? ஆகவே எல்லோரும் புருவத்தை உயர்த்தினார்கள். 'ஆமாம், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்' என்பதற்கு இங்கே அதுதான் மொழி.

பென்ஃபோல்ட் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "வரைபடத்தப் பாத்து அசந்துட்டாங்க. ஒரு கேள்வி இல்ல" என்று மெல்போர்னுக்குப் போன் போட்டுச் சொன்னதை இனோகே தன் காதால் கேட்டான். மறுநாள் கம்பிகளின் எண்ணிக்கை இரட்டிப்பானது.

இனோகேயும் புருவத்தை உயர்த்தியவன்தான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"எனக்கு ஒரு காலிக் குழாய் மட்டும் குடுங்க சார். சுவரோரமாச் சுத்தி, ஜெனரேட்டர் அறைக்கு அடியில போயிடும். உள்ள ஒரு கயிறு. அவ்வளவுதான்."

"காலிக் குழாயா?" பென்ஃபோல்ட் சிரித்தார். "அதுல என்ன போகும்?"

"இப்பத்துக்கு ஒண்ணும் போகாது. நாளைக்கு என்ன கம்பி வருதோ, கயித்துல கட்டி இழுத்துக்கலாம். கயித்த எடுக்கிறவன் கூடவே புதுக் கயிறு ஒண்ணு இழுத்துவிட்டுட்டுப் போகணும். எங்க தொழில்ல அது ஒண்ணுதான் சட்டம். எதிர்காலம்னா கம்பி இல்ல சார், கயிறு."

நிர்வாக இயக்குநர் ஏரோனி தொடையில் தட்டினார். "அடடா! என்ன வசனம்யா இது!"

ஏரோனிக்கு வசனம் என்றால் உயிர். அவர் அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட பொன்மொழிகள்தான் மாட்டியிருக்கும். ஜன்னல் திறக்க இடமில்லை.

அந்த வாக்கியத்தை அதற்கப்புறம் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லச் சொல்லிக் கேட்டார். இனோகேயும் சளைக்காமல் சொன்னான். கைதட்டல் யாருக்குத்தான் கசக்கும்? குழாய் ஏன் சுவரோரமாகச் சுற்றிப் போகிறது என்பதை மட்டும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

இன்றைக்குக் காலையில் எல்லாக் கம்பியிலும் படம் ஓடியது. இனோகே ஒவ்வொன்றாகச் சோதித்தான். கண்ணாடி மாதிரி படம். சந்தோஷமாகத் தேநீர் குடிக்கப் போனவனை ஏரோனி வழிமறித்தார். கோட்டுக்குக் கீழே சூலு, கழுத்தில் பூமாலை.

"இனோகே, இன்னிக்கு உனக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு" என்று கண்ணடித்தார்.

அந்தச் சர்ப்ரைஸ் என்னவென்று ஊருக்கே தெரியும். தொழில்நுட்பப் பிரிவை பென்ஃபோல்டின் கம்பெனியிடம் ஒப்படைக்கலாமா, இனோகேயிடமே விட்டுவைக்கலாமா என்று வாரியம் யோசித்துக்கொண்டிருந்தது. முடிவை இன்றைக்கு மேடையில் சொல்லுவார்கள். "முதல் படம் சுத்தமா வரட்டும், பாக்கலாம்" என்று போன வாரமே ஏரோனி கோடி காட்டியிருந்தார். கறுப்பாக வந்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

கறுப்பாக வந்தால் இனோகேயும் ஷலேஷ்னியும் இன்னும் ஐந்து பேரும் வீட்டுக்கு. கம்பி யார் போட்டது என்று யாரும் கேட்கமாட்டார்கள். யார் பார்த்துக்கொண்டிருந்தது என்றுதான் கேட்பார்கள்.

தேநீர் முடிந்து திரும்பும்போது ஷலேஷ்னி ஓடி வந்தாள்.

"அண்ணே, எல்லாக் கேமராவும் போச்சு. மைக்கும் போச்சு. எல்லாம் ஒரே நேரத்துல!"

"ஒரே நேரத்துலயா? படம் ஒரு பள்ளம், ஒலி ஒரு பள்ளமாச்சே?"

அவன் முற்றத்தைப் பார்த்தான். பந்தல் நின்றது. வெயில் அமைச்சரின் முகத்தில் அடிக்கக்கூடாதென்று, நேற்றைக்கு ஓரமாக இருந்த பந்தலை இன்றைக்கு நடுவுக்கு நகர்த்தியிருந்தார்கள். முன்னால் இரண்டு பருத்த கால்கள். ஒன்று படத்தின்மேல். ஒன்று ஒலியின்மேல். ஸ்கேல் வைத்த மாதிரி.

பந்தல் போட்டவன் ரூபெனி. ஸ்டுடியோவின் தச்சன். போதாக்குறைக்கு இனோகேயின் தாய்மாமன் மகன். அதாவது என்ன திட்டினாலும் கோபித்துக்கொள்ள உரிமை இல்லாதவன்.

"டேய், குழி தோண்டும்போது உனக்கு ஒண்ணுமே தெரியலையா?"

"கடப்பாரை கொஞ்சம் முரண்டு பிடிச்சுது மச்சான். வேருன்னு நினைச்சேன்."

"வேரு பச்சை, நீலம், சிவப்புன்னு கலர் கலரா இருக்குமாடா?"

"டிவிக்காரன் முற்றம். இங்க வேருக்கும் மேக்கப் போடுவீங்களோ என்னவோன்னு விட்டுட்டேன்."

காலைப் பிடுங்க வழியில்லை. அதற்குள் அமைச்சரின் வண்டி வந்துவிட்டது. பாய் விரித்தாகிவிட்டது. தனோவாவைக் கொண்டுவந்து வைத்து, அதன் சிப்பி கோத்த நார்க்கயிற்றை அமைச்சரைப் பார்த்து நீட்டியாகிவிட்டது. அந்தக் கயிறு நீண்டபிறகு அதைத் தாண்டிக் குறுக்கே ஒரு கோழிகூடப் போகாது. முற்றத்தின் மேல் ஒரு கம்பியை இழுத்துக்கொண்டு போவதாவது? கூரை வழியாக எறியலாமென்றால், பெரிய மனிதர் கீழே உட்கார்ந்திருக்கும்போது அவர் தலைக்கு மேலே ஏறுகிறவனை அன்றைக்கே ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்கள். தெரு வழியாகச் சுற்றலாமென்றால், மீதமிருந்த கம்பி அத்தனை நீளம் வராது. வந்தாலும் வாலு பே துறைமுக லாரிகள் அதை அரைத்துக் குடித்துவிடும்.

ஏரோனியிடம் சொல்லலாமென்றால் அவர் அமைச்சரின் பக்கத்தில் சம்மணமிட்டு, கண்ணை மூடி, பக்தியின் உருவமாக இருந்தார். பென்ஃபோல்ட் இன்னும் வசதி. கால் மரத்துப்போய், பந்தல் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தன் முப்பது வருஷத்தைக் குத்திக் கிழித்த அதே கால். கழுத்தில் இரண்டு மாலை. முகத்தில் பரம நிம்மதி.

இனோகே மட்டும் பதறவில்லை. உள்ளுக்குள் ஒரு சின்னக் குதூகலம்கூட இருந்தது. காலிக் குழாய் இருக்கிறதே! உள்ளே மஞ்சள் கயிறு இருக்கிறதே! கட்டி இழுத்தால் முடிந்தது. நாளைக்கு இந்தக் கதையை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஸ்டுடியோவின் பின்கட்டுக்குப் போனான்.

குழாய் இருந்தது.

கயிறு இல்லை.

விரலை விட்டுப் பார்த்தான். டார்ச் அடித்துப் பார்த்தான். ஷலேஷ்னியை மறுமுனையில் பார்க்கச் சொன்னான். சுத்தமாகத் துடைத்து வைத்த மாதிரி காலி.

"என் கயிறு எங்கடா?" என்று ரூபெனியின் சட்டையைப் பிடித்தான்.

"எந்தக் கயிறு?"

"மஞ்சள் கயிறு. பந்தல் கட்ட உருவிட்ட இல்ல?"

"தூ! நான் கண்டாவுத் தீவுக்காரன் மச்சான். பந்தலுக்குத் தென்னை நார் திரிச்சுக் கட்டற வம்சம். உன் நைலான் கயித்த நான் நாய்க்குக்கூடக் கட்டமாட்டேன்."

"கண்டாவுக்காரன் அடுத்தவன் படகையே அவுத்துட்டுப் போறவன்டா."

"அவுத்தா மீன் பிடிச்சுட்டுத் திருப்பிக் கட்டிடுவோம். உங்க நந்ரோங்காக்காரன் மாதிரி பெயின்ட் அடிச்சு வித்துட மாட்டோம். வேணும்னா வந்து ஒவ்வொரு முடிச்சா பாரு!"

பார்த்தான். ஜன்னலிலிருந்து தெரிந்த பந்தல் முழுக்க நார்தான். ரூபெனி முதல் தடவையாக உண்மை பேசியிருந்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கயிற்றை யார் எடுத்தது என்று விசாரிக்க நேரமில்லை. வேக்யூம் கிளீனரால் உறிஞ்சி ஒரு மீன்பிடி நரம்பைக் குழாய்க்குள் ஓட்டும் யோசனை அப்போதுதான் வந்தது. நரம்பு ரூபெனியின் வண்டியில் எப்போதும் கிடப்பது. வஞ்சிரத்துக்கென்றே வாங்கியது. உருண்டைக்குப் பிளாஸ்டிக் பைதான் தோது. கடையில் இப்போது பிளாஸ்டிக் பை தருவதில்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்த பஞ்சு, சுற்றி ரூபெனியின் ரொட்டிக் கவர்.

அந்த உருண்டைதான் இப்போது ஜெனரேட்டர் அறைக்கு அடியில் எங்கோ சிக்கிக்கொண்டு நிற்கிறது.

முற்றத்தில் ஒரே ஒரு தட்டல் கேட்டது. குழித்த கையின் கனமான ஓசை. அமைச்சர் கிண்ணத்தை வாங்குகிறார். குடிக்கிறார். கிண்ணம் காலி.

மூன்று தட்டல்கள்.

"அண்ணே, அடுத்த பாட்டு வருமா?" ஷலேஷ்னி கிசுகிசுத்தாள்.

"வராது. கரைக்கிற பாட்டு முடிஞ்சுது. இனிமே கிண்ணம்தான். கை தட்டறதுதான்."

"அப்ப?"

இனோகே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். இரண்டாவது கிண்ணம் விருந்தாளிக்கு. பென்ஃபோல்டிடம் போனது. அவர் வாங்கினார். சடங்குப்படி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். பாதியில் புரையேறிவிட்டது. இருமினார். சின்ன இருமல் இல்லை. மெல்போர்ன் வரை கேட்கும் இருமல். விருந்தாளியாயிற்றே என்று பெரியவர்கள் சத்தமாகச் சிரித்து, ஊக்கப்படுத்துவதுபோல் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

"இப்பப் போடு! முழு வேகத்துல போடு!"

முனகல். நரம்பு துடித்தது. ரூபெனி அதைச் சுண்டிச் சுண்டி விட்டான், தூண்டிலில் மீனை விளையாட விடுகிறவன் மாதிரி. சட்டென்று ஒரு வெட்டு. சுருள் சுழன்றது, சுழன்றது.

பென்ஃபோல்ட் கடைசியாக ஒரு தடவை இருமி ஓய்ந்தபோது, கைபேசியில் ஷலேஷ்னியின் மூச்சிரைப்பு.

"வந்துருச்சு அண்ணே! உருண்டை கிளீனருக்கு உள்ளயே போயிடுச்சு. அறுத்து எடுக்கிறேன்!"

எதிர்காலத்துக்கென்று பென்ஃபோல்ட் செய்த ஒரே உபகாரம் அந்த இருமல்தான்.

தடித்த கோஆக்சியல் கம்பியின் முனையை இனோகே நரம்போடு சேர்த்து முடிந்து, டேப் சுற்றி, மேலே கைகழுவும் திரவத்தை ஊற்றினான். அங்கே ஷலேஷ்னியும் கணக்குப் பிரிவு ஆட்களும் இழுத்தார்கள். கம்பி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"ஒரு கம்பிதானே அண்ணே போகுது? ஒலி?"

"படத்துக்குள்ளயே ஒலியப் புதைச்சு அனுப்பறேன், அங்க நீ பிரிச்சு எடு. ஒரு கம்பியில ரெண்டும் போகும்."

"அதைத்தான் நான் முதல் கூட்டத்துலேயே சொல்லலாம்னு நினைச்சேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் பந்தலைப் பத்திச் சொல்லல?"

இனோகே கம்பியின்மேல் இன்னும் கொஞ்சம் திரவத்தை ஊற்றினான்.

திடீரென்று அவனுக்கு உறைத்தது. "நிறுத்து, நிறுத்து! கம்பியோட ஒரு கயிறும் சேர்த்துக் கட்டணும். சட்டம்!"

"எங்க இருக்கு கயிறு?" என்றான் ரூபெனி.

"உன் நரம்பு இன்னொரு சுருள்?"

"இருந்த ஒண்ணும் போய்க்கிட்டிருக்கு. அதையும் திருப்பிக் குடுத்துடு மச்சான், சனிக்கிழமை கடலுக்குப் போறேன்."

கம்பி மட்டும் போனது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக இனோகே ஒரு குழாயில் கயிறு விடாமல் கம்பி இழுத்தான். பாவம் செய்த மாதிரி இருந்தது. பாவத்துக்கு நேரம் இல்லை.

கம்பியின் தோலைச் சீவி, உள்ளே இருந்த செம்பு ஊசியை நிமிர்த்தி, கனெக்டரை மாட்டி, இடுக்கியால் அழுத்தினான். வாசலில் நின்ற கேமராவில் சொருகச் சொல்லிக் கம்பியை ரூபெனியிடம் தள்ளினான். மறுமுனைக்கும் அதே இடுக்கி வேண்டும். ஸ்டேஷனில் இருந்தது ஒன்றே ஒன்று. முப்பது வருஷத் திட்டத்தில் இன்னொரு இடுக்கிக்கு இடமில்லாமல் போயிருந்தது.

சூலுவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெரு வழியாக ஓடினான். நிறுத்தத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து டிரைவர் கை காட்டினார்.

"டிவி அண்ணே! படம் எப்ப வரும்?"

"வந்துக்கிட்டே இருக்கு!" என்று இடுக்கியை ஆட்டிவிட்டு ஓடினான்.

கட்டுப்பாட்டு அறையில் ஷலேஷ்னி கம்பி முனையை விரல்களுக்கிடையே குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் சோப்பு நுரை. இனோகே சீவினான். முதல் கனெக்டர் நழுவி மேஜைக்கு அடியில் உருண்டது. இரண்டாவது உட்கார்ந்தது. அழுத்தினான்.

க்ளிக்.

திரை கறுப்பு.

கறுப்பு.

ஒரு மின்னல். பிறகு, ஏரோனியின் முகம்.

திரை முழுக்க ஏரோனி. சடங்கு முடிந்து எல்லோரும் ஸ்டுடியோ வாசலுக்கு வந்திருந்தார்கள். மீசையின் ஒவ்வொரு மயிரும் எண்ணலாம் போலத் தெளிவு. ஒலியும் வந்தது. மாலையிலிருந்த பூ மைக்கில் உரசும் சத்தம்கூட வந்தது. கணக்குப் பிரிவு ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஷலேஷ்னி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாடு பார்த்துக்கொண்டிருந்தது.

ஏரோனி பக்கவாட்டில் திரும்பினார். வாசலோரம் விருந்தாளிகளுக்காக வைத்திருந்த டிவியில் தன் முகம் தெரிவதைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"அன்புள்ள நேயர்களே! இந்த ஸ்டுடியோ முப்பது வருஷம் தாங்கும். சந்தேகமா? நீங்களே பாருங்க. திரு. பென்ஃபோல்ட் போட்ட கம்பி வழியாத்தான் இந்த நிமிஷம் உங்க வீட்டுக்குப் படம் வந்துக்கிட்டிருக்கு!"

கேமரா பென்ஃபோல்டைக் காட்டியது. கண் இன்னும் சிவந்திருந்தது. அடக்கமாகக் குனிந்தார்.

"நாசமாப் போக" என்றாள் ஷலேஷ்னி, தெளிவாக.

"இந்தக் கம்பிகளை இனி யார் பார்த்துக்கப் போறாங்க?" ஏரோனி இடைவெளி விட்டார். வசனத்துக்கு முன்னால் விடும் இடைவெளி. "வேற யாரு? நம்ம இனோகேதான். தொழில்நுட்பப் பிரிவு அவர் கையிலேயே இருக்கும். முப்பது வருஷத்துக்கும்!"

கைதட்டல். இனோகே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். பிழைத்தாயிற்று. ஏழு பேரும் பிழைத்தாயிற்று. கூடவே, பந்தல் கால் குத்திய அத்தனை கம்பியும் அவன் தலையில். அதை நாளைக்கு யோசித்துக்கொள்ளலாம். சர்ப்ரைஸ் இதுதானா? வாய்விட்டுச் சிரித்தான்.

கைபேசி அதிர்ந்தது. ரூபெனி.

"மச்சான், டிவியப் பாரு. நல்லாப் பாரு. அப்புறம் நான் திருடன்னு சொல்லு."

கேமரா மெல்லப் பின்வாங்கியது. ஏரோனியின் முகம் சிறுத்து, தோள் தெரிந்து, அமைச்சரும் அவர் கையில் பளபளக்கும் கத்தரிக்கோலும் தெரிந்து, கடைசியில் வாசலின் குறுக்கே கட்டியிருந்ததும் தெரிந்தது. செம்பருத்தி, சம்பங்கி, மரப்பட்டைத் துணிக் குஞ்சலம். அத்தனை அலங்காரத்துக்கும் நடுவில் மஞ்சளாக.

ஒரு வாசலுக்கு இருகை நீளம் போதும். மிச்சத்தை நிலைப்படியின் இருபுறமும் சுருள் சுருளாக, அழகாகச் சுற்றி வைத்திருந்தார்கள்.

"இனோகேக்கு ஒரு சர்ப்ரைஸ் தர்றேன்னு சொல்லியிருந்தேன்" என்றார் ஏரோனி. "கடை ரிப்பன்ல என்னய்யா அர்த்தம் இருக்கு? எங்க இனோகே ஒவ்வொரு கூட்டத்திலயும் சொல்வார், 'எதிர்காலம்னா கம்பி இல்ல சார், கயிறு'ன்னு. நாங்க சிரிச்சோம். ஆனா நான் மறக்கல. இது அவர் கயிறு. இன்னிக்குக் காலைல, யாருக்கும் தெரியாம, நானே போய் இந்தக் கையாலேயே குழாயிலேருந்து உருவி எடுத்தேன்."

அமைச்சரின் கத்தரிக்கோல் வாயைத் திறந்தது.